வயரை வெட்டும் முன் கணக்கைக் கேள், தோழா!

துத்திப்பட்டிலும் பெரியவரிகத்திலும் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் தோழரே! பேரணாம்பட்டில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் தோழரே! வாணியம்பாடியில், மேல்விஷாரத்தில், ராணிப்பேட்டை சிப்காட்டில், வேலூரில் வாடகை வீடு மாறி மாறிக் குடியிருக்கும் தோழரே! உங்களைத்தான் கூப்பிடுகிறோம். கை வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கேளுங்கள்.

நம் பணம் போகிறது. இன்று போகிறது. கேட்க ஆளில்லாமல் போகிறது.

வீட்டு வைஃபையை மாற்றினால் பணம். நிறுத்தினால் பணம். வீடு மாறினால் பணம். டெபாசிட் என்று வாங்கியது திரும்பி வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியதில் மீதி மாதங்கள் காணாமல் போயின. நிறுத்தச் சொன்ன பிறகும் ஆட்டோபே பிடித்தது. லைன்மேன் கையில் திருப்பிக் கொடுத்த ரவுட்டருக்கே பல மாதம் கழித்து பில் வந்தது.

இது ஒரு வீட்டுச் சங்கதி இல்லை. உங்கள் தெருவில் கதவைத் தட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இப்படி ஒன்று இருக்கும். எல்லாம் ஒரே சொல்லில் முடியும்: "போனால் போகுது, விடு."

விடக் கூடாது, தோழர்களே! இனி விடக் கூடாது!

ஆயிரம் ரூபாய்தானே என்கிறோம். ஆயிரத்து ஐந்நூறுதானே என்கிறோம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் ஆயிரம் ரூபாய் என்பது எத்தனை ஜோடி? எத்தனை ராத்திரி ஊசி குத்திய விரல்? நம் உழைப்பை நாமே "தானே" என்று சொன்னால் எடுத்தவர்கள் எதற்குத் திருப்பித் தருவார்கள்?

அவர்கள் நம்பியிருப்பது மூன்றை. தொகை சிறியது. ஆள் தனி ஆள். நேரம் கிடையாது. பல கம்பெனிகளில் ஷிப்ட் நேரத்தில் போன் நம் கையில் இருக்காது. வாடிக்கையாளர் மையத்திலிருந்து அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். நாம் எடுக்க மாட்டோம். "வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை" என்று எழுதிப் புகாரை மூடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் ஒரு எஸ்எம்எஸ் இருக்கும், இங்கிலீஷில். உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று!

தீர்ந்தது புகார் இல்லை, தோழரே. தீர்ந்தது நம் பொறுமை. அப்படித்தான் இருக்க வேண்டும்!

வேலையை விட்டு நின்றால் நாம் என்ன செய்கிறோம்? கணக்கு கேட்கிறோம். பி.எஃப். எங்கே என்கிறோம். போனஸ் பாக்கி எங்கே என்கிறோம். சங்கத்துக்குப் போகிறோம். கேட்டு, நடந்து, வாங்குகிறோம். ஒரு கம்பெனியை விட்டு நிற்கும்போது கணக்கு கேட்கத் தெரிந்த நமக்கு, ஒரு வயரை விட்டு நிற்கும்போது கணக்கு கேட்க வாய் வராதா?

வரும். வர வேண்டும்.

பொறி முதல் நாளே வைக்கப்படுகிறது. இணைப்பு கொடுக்க வருகிற அன்று நமக்கு அவசரம். பிள்ளைக்குப் பரீட்சை. தங்கச்சிக்கு ஆன்லைன் விண்ணப்பம். ஆர்டர் படம் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். அந்த அவசரத்தில் எது டெபாசிட், எது இன்ஸ்டலேஷன் என்று நாம் கேட்பதில்லை. கேளுங்கள்! இரண்டும் வேறு வேறு. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் தொடங்கியபோது முதலில் கட்ட வேண்டிய தொகை 2,500 ரூபாய். அதில் 1,500 திரும்பக் கிடைக்கிற டெபாசிட். 1,000 திரும்பாத இன்ஸ்டலேஷன் கட்டணம். அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். உங்கள் தெருவில் உங்களுக்கு இணைப்பு கொடுத்தவர் சொன்னாரா? எழுத்தில் கொடுத்தாரா? கொடுக்கவில்லை என்றால் நாளைக்கு "எல்லாமே இன்ஸ்டலேஷன்தான்" என்பார். அன்றைக்கு நம் கையில் ஒன்றும் இருக்காது.

அடுத்த பொறி, மொத்தமாகக் கட்டச் சொல்வது. ஆறு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம். ஒரு வருஷம் கட்டினால் ரவுட்டர் இலவசம். நல்ல சலுகைதான். நாம் ஒரு வருஷம் அதே வீட்டில், அதே வேலையில் இருந்தால்! கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் வேலை குறையும். வேலை குறைந்தால் வாடகை குறைந்த வீட்டுக்குப் போவோம். நம் வாழ்க்கை மாதக் கணக்கில் ஓடுகிறது. வருஷக் கணக்கில் பணத்தைப் பூட்டி வைக்க நம்மிடம் எங்கே இருக்கிறது? முடிந்தால் மாதா மாதம் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: நடுவில் நிறுத்தினால் மீதி என்ன ஆகும்? பதிலை வாங்கிய பிறகு கட்டுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

மூன்றாவது பொறிதான் நம் ஊரில் பெரிய பொறி. ரசீது இல்லாமல் கையில் கொடுக்கிற பணம்.

மாதம் பிறந்தால் கேபிள்காரரின் ஆள் வருகிறார். கையில் பணம் கொடுக்கிறோம். ஒரு சின்ன அட்டையில் டிக் அடிக்கிறார். சில வீடுகளில் அந்த அட்டையும் இல்லை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? நம் பெயரிலா, அவர் பெயரிலா? பில் எங்கே? நாம் கட்டுகிற கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. வரி கட்டுகிறவருக்கு பில் கிடையாதா?

பில் கேளுங்கள். நம் பெயரில் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கொடுத்த சேவைக்கு பில்லோ ரசீதோ தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, பில்லில் குறித்த நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. நாள் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். இது யாருடைய தயவும் இல்லை, தோழர்களே. பாராளுமன்றம் போட்ட சட்டம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். லைன்மேனைத் திட்டாதீர்கள். மழையில் கம்பம் ஏறுகிறவர் அவர். கமிஷனுக்கு ஓடுகிறவர். மேலே இருக்கிற நிறுவனம் வெட்டச் சொன்னால் வெட்டுவார், கட்டச் சொன்னால் கட்டுவார். தெருவின் கேபிள்காரரும் பல நேரம் பெரிய நிறுவனத்துக்கும் நமக்கும் நடுவில் நசுங்குகிறவர்தான். நம் சண்டை அவர் சட்டைக் காலரோடு இல்லை. கணக்கைக் கையில் வைத்திருப்பவர்களோடு. லைன்மேனையும் தோழர் என்றே கூப்பிடுங்கள். பழைய ரவுட்டரை எடுத்துப்போக வருகிறபோது அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் தெரியும்படி போனில் போட்டோ எடுங்கள். வயர், அடாப்டர், பெட்டி, எல்லாம் படத்தில் வரட்டும். அந்த ஒரு போட்டோ நாளைக்கு வரப்போகிற பொய் பில்லைக் கிழிக்கும்.

இனி வீடு மாறுகிறவர்களின் கதை. இதுதான் நெஞ்சு கொதிக்கும் கதை.

நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். எட்டு மாதம் பாக்கி இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு வீடு மாறுகிறீர்கள். இணைப்பையும் மாற்றித் தாருங்கள் என்கிறீர்கள். "அந்தத் தெருவில் எங்கள் லைன் இல்லை" என்கிறார்கள். சரி, மீதிப் பணத்தைக் கொடுங்கள் என்கிறீர்கள். "முன்பணம் திரும்பாது" என்கிறார்கள்.

சேவை தர முடியாதது யார்? அவர்கள். பணம் இழப்பது யார்? நாம்!

எந்த ஊர் நியாயம் இது?

மொபைலைப் பாருங்கள். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம். ஒரு எஸ்எம்எஸ்ஸில் தொடங்கிவிடலாம். அந்த மாற்றத்துக்கு டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வைத்த கட்டணம் முதலில் 19 ரூபாய். 2019 நவம்பரில் அது 6 ரூபாய் 46 காசாக இறங்கியது. ஆறே முக்கால் ரூபாய் கூட இல்லை! வீட்டு வயருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இன்றுவரை இல்லை. பழையதை நாமே நிறுத்த வேண்டும். புதியதை நாமே தேட வேண்டும். நடுவில் இரண்டுக்கும் நாமே கட்ட வேண்டும். லேண்ட்லைன் எண்ணும் நம்மோடு வராது. 0416, 04172, 04174 என்று தொடங்கும் எண்ணைக் கடை போர்டில் எழுதி வைத்திருக்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் நம்மில் எத்தனை பேர்! நிறுவனத்தை மாற்றினால் அந்த எண் போச்சு. அந்த எண்ணுக்காகவே பலர் பிடிக்காத இணைப்பில் கட்டுண்டு கிடக்கிறார்கள்.

பிரிட்டனைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 12 முதல் அங்கே புது நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும். பழைய நிறுவனத்தைக் கூப்பிடவே வேண்டாம். அவர்களுக்குள் பேசி மாற்றிக்கொடுக்க வேண்டும். அது அங்கே விதி. நம் ஊரில் தைத்த ஷூ கடல் தாண்டி அங்கேயும் போகிறது. ஷூவைப் போட்டு நடக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. தைத்த நமக்கு இல்லையா?

இருக்க வேண்டும்! அதைக் கேட்க வேண்டும்! கேட்கிற வாய் நம்முடையதாக இருக்க வேண்டும்!

தோழர்களே, கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. நாம் எடுப்பதில்லை.

2012இல் டிராய் புகார் விதிகள் போட்டது. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டாக்கெட் எண் தர வேண்டும். தந்தே ஆக வேண்டும். தானியங்கிக் குரல் நம் மொழியில் பேச வேண்டும். மூன்றாவது அடுக்குக்குள் மனிதரோடு பேச வழி இருக்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்துக்குள் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். புகாருக்கான கெடு முடிந்த 30 நாளுக்குள் அவரிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு பைசா கட்டணம் கிடையாது.

2024 அக்டோபர் 1 முதல் புதிய சேவைத்தர விதிகள் நடப்பில் இருக்கின்றன. இணைப்பை மூடிய பிறகு டெபாசிட்டை 45 நாளுக்குள் திருப்ப வேண்டும். வீட்டு இணைப்பில் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவோ, கூடுதல் நாட்களோ தர வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? மழைக்கு ஒரு வாரம் நெட் போனது. அந்த ஒரு வாரக் காசு யாரிடம் இருக்கிறது?

மிகச் சின்ன நிறுவனங்களுக்கு இந்த டிராய் விதிகளில் சில விலக்குகள் உண்டு. அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பயப்படாதீர்கள். நுகர்வோர் சட்டத்தில் சின்னது பெரியது என்ற விலக்கு இல்லை. காசு வாங்கினால் பதில் சொல்ல வேண்டும்.

டிராய்க்கு நேராக எழுதிக் காத்திருந்து நாளைத் தொலைக்காதீர்கள். தனித்தனிப் புகாரைத் தீர்க்கிற வேலை அந்த ஆணையத்துக்குச் சட்டத்தில் கொடுக்கப்படவில்லை. முதலில் நிறுவனம். பிறகு அதன் மேல்முறையீடு. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்.

நுகர்வோர் ஆணையம் என்றதும் பின்வாங்குகிறீர்களா? ஏன்?

வக்கீல் வேண்டாம். நாமே பேசலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நாம் அங்கே போக வேண்டாம். நாம் குடியிருக்கிற ஊர், நாம் வேலை செய்கிற ஊர் எதுவோ, அந்த மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். 2025இலிருந்து இ-ஜாக்ரிதி தளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதியலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும். அதை மறைக்க மாட்டோம். இழுத்தால் என்ன? இழுத்துப் பிடித்து நிற்பது நமக்குப் புதிதா?

டெலிபோன் சண்டை நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று நிறுவனங்கள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன. பழைய தந்திச் சட்டத்தைக் காட்டின. 2009இல் உச்ச நீதிமன்றமே அப்படி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அகமதாபாத்தில் ஒருவர் மட்டும் விடவில்லை. மாதம் சராசரியாக ஐந்நூற்றுச் சொச்சம் பில் வந்தவருக்கு, 2013 நவம்பர் - டிசம்பரில் 24,609 ரூபாய் பில் வந்தது. 2014இல் மாவட்ட மன்றத்தில் வழக்குப் போட்டார். கேட்ட இழப்பீடு 22,000 ரூபாய். அந்தச் சின்ன வழக்கை வோடஃபோன் ஐடியா நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. இந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று சொல்வதற்காக!

2022 பிப்ரவரி 16. உச்ச நீதிமன்றம் சொன்னது: வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். தந்திச் சட்டம் தடையில்லை. ஒரு தனி ஆள் 22,000 ரூபாய்க்கு நின்ற நிலை, இந்த நாட்டில் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் கதவைத் திறந்தது. அவர் அன்றைக்கு "போனால் போகுது" என்று சொல்லியிருந்தால்?

அவருடைய துணிச்சலின் மேல் நாம் நிற்கிறோம். நம் துணிச்சல் எங்கே?

இன்னொரு தந்திரம் வரும். உஷாராக இருங்கள். வீட்டிலேயே அப்பர் தைக்கிற தோழரே, ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற தோழரே, உங்களுக்குத்தான். "நீங்கள் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்பார்கள். சட்டத்தில் அந்த விலக்கு இருப்பது உண்மை. அதே சட்டத்தில் அதற்கு விளக்கமும் இருக்கிறது. சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவ மட்டும் வாங்கிய பொருளைப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. விளக்கம் பொருளைத்தான் சொல்கிறது; சேவைக்கும் அதே நியாயம்தான் என்று வாதாடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து தைக்கிற அம்மாவைப் பெரிய வியாபாரி என்று எந்த ஆணையத்தில் நின்று சொல்லப் போகிறார்கள்? சொல்லட்டும். நாம் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்போம்.

வக்கீல் நோட்டீஸ் வரும். சிவப்பு எழுத்தில் வரும். "சட்ட நடவடிக்கை", "கடன் மதிப்பெண்" என்று வரும். வீட்டில் பெரியவர்கள் நடுங்குவார்கள். "கட்டித் தொலைத்துவிடு, கோர்ட்டு வேண்டாம்" என்பார்கள். தோழரே, வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற ஆணை இல்லை. அது ஒரு கடிதம். கடிதத்துக்குப் பதில் கடிதம். நிறுத்தச் சொன்ன தேதி, டாக்கெட் எண், ரவுட்டர் கொடுத்த போட்டோ மூன்றையும் வைத்துப் பதில் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உண்மையிலேயே பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். நாம் யாரையும் ஏமாற்றக் கிளம்பவில்லை. நம்மை ஏமாற்றக் கூடாது என்கிறோம்.

இந்த மண்ணுக்கு வழக்கு புதிதில்லை. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாலாற்றில் கலந்த டேனரிக் கழிவுக்கு எதிராகப் போனது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே பணம் கொடுக்க வேண்டும் என்று வந்தது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்று அந்தத் தீர்ப்பை வேலூர் பெயர் சொல்லித்தான் படிக்கிறார்கள். டேனரிகள் மூடப்பட்டபோது வேலை போன வீடுகளும் நம்மில் உண்டு. அந்த வலியை மறக்கவில்லை. ஆறு செத்ததையும் டெபாசிட் போனதையும் ஒரே தட்டில் வைக்கவும் இல்லை. சொல்ல வந்தது ஒன்றுதான்: பெரிய முதலாளிகளுக்கு எதிரே ஒரு காகிதத்தை நீட்டி நிற்க இந்த ஊர் மக்களுக்குத் தெரியும். அப்போது தெரிந்தது. இப்போது மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. கூச்சப்படுகிறோம். "இதுக்கெல்லாம் போய் கேஸா?" என்று பக்கத்து வீடு சிரிக்குமோ என்று கூச்சப்படுகிறோம். பக்கத்து வீட்டுக்கும் அதே நிறுவனத்திடம் அதே பாக்கி இருக்கிறது, தோழரே! போய்க் கேளுங்கள். சிரிக்க மாட்டார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

அங்கேதான் நம் பலம் இருக்கிறது. நுகர்வோர் சட்டம் 35ஆம் பிரிவு சொல்கிறது: ஒரே பாதிப்பு பலருக்கு இருந்தால், மாவட்ட ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ எல்லாருக்காகவும் வழக்குப் போடலாம். எல்லாருக்காகவும்! ஒருவர் ஒரு நாள் லீவு போட்டால் போதும். நாற்பது பேர் கூலியை இழக்க வேண்டாம். ஒரு ஆளின் 1,500 ரூபாயை அவர்கள் தூசியாக ஊதலாம். நாற்பது பேரின் 60,000 ரூபாயை ஊத முடியுமா? ஒரு தெருவை ஊத முடியுமா? ஒரு ஊரை?

நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒப்பந்தத்தின் நிபந்தனையையே எதிர்க்க வேண்டுமா? அளவுக்கு மீறிய டெபாசிட், இழப்புக்குச் சம்பந்தமில்லாத அபராதம், இவை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்கள் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அந்த வழக்கு சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு, பணம் திருப்பாதது என்றால் மாவட்ட ஆணையம் போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாசலில் திருப்பி அனுப்பப்படாதீர்கள்.

சேருவதற்கு ஒரு பட்டன், நிறுத்துவதற்கு ஒன்பது போன் என்று வைத்திருக்கிறார்களா? அதற்கும் பெயர் இருக்கிறது. சந்தாப் பொறி. 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று வடிவங்களில் அதுவும் ஒன்று. புகாரில் அந்தச் சொல்லை எழுதுங்கள். படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரட்டும்.

இப்போது வேலைக்கு வருவோம், தோழர்களே. மாற்றப் போகிறவர்கள், நிறுத்தப் போகிறவர்கள், காதைக் கொடுங்கள்.

புது இணைப்பு வந்து ஓடுகிறவரை பழையதை விடாதீர்கள். ஓடியதும் ஒரு நாள் கூட இழுக்காதீர்கள். வாயால் சொல்லாதீர்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள், அவர்கள் ஆப்பில் எழுதுங்கள், எழுதியதை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். "இந்தத் தேதியிலிருந்து இணைப்பை மூடவும், டெபாசிட்டைத் திருப்பவும்." இரண்டே வரி போதும், தமிழிலேயே எழுதுங்கள். டாக்கெட் எண்ணை வாங்குங்கள். தராவிட்டால் தரும்வரை போனை வைக்காதீர்கள். "இரண்டு மாதம் இலவசம் தருகிறோம், இருங்கள்" என்று குழைவார்கள். மயங்காதீர்கள்.

பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள். கார்டில் ஆட்டோபே இருந்தால், பணம் பிடிக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவலைப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள். அந்தத் தகவலில்தான் பிடிக்கப் போகிற தொகை இருக்கிறது.

45 நாளை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். 46ஆம் நாள் காலையில் புகார் எழுதுங்கள்; பதில் சரியில்லை என்றால் மேல்முறையீடு.

ஏற்கெனவே இழந்தவர்களே! கடந்த இரண்டு வருஷத்துக்குள் நடந்தது எதுவும் முடிந்துபோகவில்லை. பழைய அட்டையைத் தேடுங்கள். பழைய எஸ்எம்எஸ்களை அழிக்காதீர்கள். ஜி-பே, போன்பே கணக்கில் போன பணத்தின் பதிவு இருக்கிறது. அதை எடுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு வருஷத்தின் கெடு நெருங்குகிறது. நாம் சும்மா இருக்கிற ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு லாபம்.

படித்த பிள்ளைகளே! வேலூரிலும் வாணியம்பாடியிலும் கல்லூரிக்குப் போகிற தம்பிகளே, தங்கைகளே! உங்கள் வேலை இது. தெருவில் இங்கிலீஷ் எஸ்எம்எஸ் படிக்கத் தெரியாத வீடு எதுவென்று உங்களுக்குத் தெரியும். போங்கள். உட்காருங்கள். படித்துச் சொல்லுங்கள். உருதில் கேட்டால் உருதில் சொல்லுங்கள், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் சொல்லுங்கள். இ-ஜாக்ரிதியில் பதிந்து கொடுங்கள். காசு வாங்காதீர்கள்.

சங்கத் தோழர்களே! கூலிக்கும் போனஸுக்கும் கேட் கூட்டம் போடுகிறோம். இதற்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். கூலியாக வாங்கியதை வயர் வழியாகப் பறிகொடுத்தால் அந்தப் போராட்டத்தில் பாதி வீண்.

இன்று ராத்திரியே ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டு திறக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும். பெயர் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் எண், கட்டிய தொகை, நிறுத்தச் சொன்ன தேதி, வராத தொகை எழுதுங்கள். கையெழுத்து போடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் கைநாட்டு வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்ததும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பத்துப் பேரும் புகார் கொடுங்கள். பத்து டாக்கெட் எண்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். பதில் வராத எண்களை மட்டும் வட்டமிட்டு, அந்த நோட்டோடு மாவட்ட ஆணையத்தின் படியேறுங்கள்.

முதல் பக்கத்தில் முதல் பெயரை எழுத யாராவது ஒருவர் வேண்டும். உங்கள் தெருவில் அது நீங்கள்தான், தோழரே. பேனாவை எடுங்கள்!